போரை வெறுப்போம், வீரனை அணைப்போம்

பாவத்தை வெறுக்க வேண்டும், பாவியை வெறுத்தலாகாது. ஞானோபதேச வகுப்பிலே இளமையில் நாம் கற்ற பாடம் இது. போர்க்களம் சென்று திரும்புவோன் பாவி என்று நாம் கூற வரவில்லை. ஆயினும், ஒரு போரை அநீதியென எதிர்ப்போர் அதில் ஈடுபட்ட வீரனையும் சேர்த்து வெறுப்பதும், வீரனை நேசிப்போர் அவன் பொருட்டு அப்போரையே நியாயப்படுத்துவதும் உலகில் நாம் காணும் இரு தவறுகள். இவ்விரண்டையும் விலக்கி நடக்க இயலுமா? வியட்நாம் போரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

1965 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமின் தா நாங் கடற்கரையில் இறங்கியது. 1973 மார்ச்சில் படைகள் வெளியேறும் முன் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் உயிர் துறந்தனர். வியட்நாம் மக்களுள் மடிந்தோர் தொகையோ இதனினும் பன்மடங்கு. சென்றோர் அனைவரும் விரும்பிச் சென்றவரல்லர். 1969 டிசம்பர் 1-ஆம் நாள், பிறந்த தேதிகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கியெடுத்து, எவர் முதலில் அழைக்கப்படுவர் என்று முடிவு செய்தனர். கல்லூரியில் பயின்றோர்க்குத் தவணை கிடைத்தது. ஏழைத் தொழிலாளியின் மகனுக்கோ அவ்வழி அரிதாயிற்று.

திருச்சபை அந்நாளில் வாளாவிருக்கவில்லை. 1965 அக்டோபர் 4 அன்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, இனி ஒருபோதும் போர் வேண்டாம் என மன்றாடினார். அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நகரங்களை முழுவதும் அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டித்தது. அதே ஏட்டில், மக்களின் பாதுகாப்பிற்காக நேர்மையுடன் பணிபுரியும் படைவீரன் அமைதிக்குத் துணைபுரிகிறான் என்றும், மனச்சான்றின் காரணமாக ஆயுதமேந்த மறுப்போனைச் சட்டம் பரிவுடன் நடத்த வேண்டும் என்றும் கூறிற்று. 1971 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், வியட்நாம் போரை விரைந்து முடிப்பது தலையாய அறக்கடமை என அறிவித்தனர்.

இனி, திரும்பி வந்தோரைக் காண்போம். இரண்டாம் உலகப் போரின் வீரர் பலர் தோழர்களோடு கப்பலில் பல நாள் பயணம் செய்து, பேசியும் அழுதும் ஆறுதல் பெற்று வீடு சேர்ந்தனர். வியட்நாமிலிருந்து வந்தவனோ, தன் ஓராண்டுத் தவணை முடிந்ததும் தனியனாக விமானமேறி, ஓரிரு நாளில் தாயின் சமையற்கட்டில் வந்து நின்றான். காதில் குண்டோசை ஓயவில்லை. ஒரு சாரார் அவனைத் தோற்றவன் என்றனர்; மறு சாராருள் சிலர் கொலையாளி என்றனர். அவன் வாய் மூடிக்கொண்டான். இரவில் அலறி எழுந்தான். அக்காலத்து மருத்துவ நூல்களில் அவ்வேதனைக்கு உரிய பெயர்கூட இல்லை.

இந்நிலையில் போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள், 1967-இல் நியூயார்க்கில் தாம் தொடங்கிய சங்கத்தின் வாயிலாக, 1970-இன் இறுதியில் மனநல மருத்துவர்களை நாடினர். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியோரின் உள்ளத்துயரை ஆராய்ந்த ராபர்ட் லிஃப்டன், சேயிம் ஷாட்டன் என்ற இருவர் முன்வந்தனர். போரைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இவர்கள். ஆயினும் வந்தவனிடம் விளக்கம் கோரவில்லை. மருத்துவர் என்னும் மேசையை நடுவிலே போடாமல், வீரர்களோடு வட்டமாக அமர்ந்து வாரந்தோறும் செவிமடுத்தனர். தான் கண்டதையும் செய்ததையும் ஒருவன் சொல்லி அழ, மற்றவன் தோள் கொடுத்தான்.

அவ்வட்டத்தின் பயன் பெரிது. வீரர்கள் எளிதாக அணுகத்தக்க ஆலோசனை இல்லங்களை நிறுவ 1979-இல் அமெரிக்காவில் சட்டம் பிறந்தது. 1980-இல் மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப்பின் நேரும் மனநோயைத் தன் நூலில் சேர்த்தது. 2004-இல் ஆழிப்பேரலைக்குப்பின் நம் கடற்கரைப் பங்குகளில் உறங்க இயலாது தவித்த தாய்மாரின் துயரையும் மருத்துவர் அறிந்துகொள்ள உதவியது இந்த அறிவே. யாரோ சிலர் பொறுமையோடு கேட்டதன் கனி கடல் கடந்து நம்மிடமும் வந்தது.

1982 நவம்பர் 13 அன்று வாஷிங்டன் நகரில் வியட்நாம் வீரர் நினைவுச் சுவர் அர்ப்பணிக்கப்பட்டது. காயமுற்றுத் திரும்பிய வீரர் ஒருவர் தொடங்கிய முயற்சி அது. அதற்கு வடிவம் தந்தவர் மாயா லின் என்ற இருபத்தொரு வயது மாணவி. பளபளக்கும் கருங்கல்லில் மாண்டோர் பெயர்கள் மட்டும், பதவி வேறுபாடின்றி, இறந்த நாள் வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. போர் சரியென்றோ தவறென்றோ அக்கல் வாதிடுவதில்லை. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அங்கே அருகருகே நின்று அழுதனர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! நம் பங்குகளிலும் படையில் பணியாற்றித் திரும்பியோர் உள்ளனர். ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் கொடி நாளன்று உண்டியலில் காசிடுவதோடு நம் கடமை தீருமோ? எத்தனை பேரைச் சுட்டாய் என வேடிக்கையாய்க் கேட்காதிருப்போம். அவர் பேச விழைந்தால் இடைமறியாது கேட்போம். மௌனமாயிருந்தால் அம்மௌனத்தை மதிப்போம். மதுவில் மறதி தேடுவோரைக் கண்டால், ஏசுமுன் அவர் மனைவி மக்களின் நலம் விசாரித்து, தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

இராயப்பரை வாளை உறையிலிடச் சொன்ன நம் ஆண்டவர், கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தைக் கண்டு வியந்து பாராட்டினார். அவர் திருவுள்ளத்தில் இவ்விரண்டிற்கும் இடமிருந்தது. நம் உள்ளத்திலும் இருப்பதாக. சமாதானத்திற்காக ஞாயிறுதோறும் மன்றாடுகையில், போரினின்று திரும்பியும் போர் ஓயாத நெஞ்சங்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோமாக.