கறுத்த பாகும் மதுவமும்

2020இல், முடக்கம் தளர்ந்த நாட்கள். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிவாசல் படியில் நின்ற பெரியவர், கையில் ஊற்றிய தொற்றுநீக்கியை முகர்ந்து பார்த்துவிட்டு, "சேர், இது சாராய வாடையல்லவா? என்னத்திலயிருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டார். "ஹாஜியார், பூசலாமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்க. எதிலிருந்து வருகுது என்று மட்டும்தான் நான் சொல்லலாம்" என்றேன். நான் இரசாயனவியல் படிப்பித்தவன்.

அது எதனோல். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையொன்றில் நூற்றுக்கு 80 பங்கு அதுதான். 'அல்ககோல்' என்ற பெயரோ, கண்ணுக்கு இடும் சுறுமாவைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'அல்-குஹ்ல்' என்பதிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் பொருள் மாறியது.

2020 ஜனவரியிலிருந்து எதனோல் இறக்குமதியை அரசு நிறுத்தியிருந்தது. ஆக, பெல்வத்தை, செவனகல ஆலைகளில் சீனி எடுத்த பின் எஞ்சும் கறுத்த பாகுதான், மொலாசஸ்தான், நமக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாகின் நிறையில் ஏறக்குறையப் பாதி இன்னும் சீனியே. அதைத் தின்று எதனோலாக்குவது மதுவம், அதாவது நம்ம ஈஸ்ட். கொட்டாஞ்சேனை பேக்கரியில் மாவைப் பொங்கவைப்பதும் இதே உயிர்தான். அங்கே தேவை வாயு. உண்டாகும் அல்ககோல் போறணையில் பெரும்பாலும் பறந்துபோகும். ஆலையில் தலைகீழ்.

கணக்கு எளிது. 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். நூற்றுக்கு 51தான் உச்சம். எந்த மதுவமும் அதைத் தாண்டாது. விளைச்சலைக் கூட்டுவது என்றால், அந்த எல்லைக்கு எவ்வளவு கிட்டப் போகிறோம் என்பதுதான்.

தூரம் எங்கே விழுகுது? முதலில் இனிப்பு: பாகைத் தண்ணீர் விடாமல் கொடுத்தால் மதுவம் வாடிப்போகும். நீர்த்தே கொடுக்க வேண்டும். அடுத்தது சூடு, நம்ம நாட்டில் இதுதான் பெரிய பகை. நொதித்தல் தானே வெப்பம் விடும். மொனராகலை வெயிலில் தொட்டி 35 பாகை தாண்டினால் மதுவம் தளர்ந்துபோகும். குளிர்விக்கத் தண்ணீர் ஓடவேண்டும். பாகில் நைதரசன் போதாவிட்டால் கொஞ்சம் யூரியா. பக்டீரியா சீனியைத் திருடிப் புளிப்பாக்காமல் இருக்க அமிலம் கொஞ்சம். தொடக்கத்தில் சிறிது காற்று. அது இல்லாவிட்டால் மதுவத்தின் கலமென்சவ்வு உறுதியாகாது. பிறகு காற்றுக்கு வழியில்லை.

பிரேசில்காரர் செய்யும் வேலை எனக்குப் பிடித்தது. முடிந்த கலவையிலிருந்து மதுவத்தைச் சுழற்றிப் பிரித்து, அமிலத்தில் கழுவி, திரும்பவும் தொட்டியில் விடுகிறார்கள். புதுக் கலங்களை வளர்க்கச் சீனி அதிகம் செலவாவதில்லை. ஒரு நாளுக்குள் நொதித்து முடிந்துவிடும். பெருக்கிக்கொண்டேயிருப்பதைவிட, இருப்பதைப் பேணுவது.

காய்ச்சி வடித்த பின்னரும் ஒரு கடன் மிஞ்சும். ஒரு லீற்றர் எதனோலுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் கறுத்த கழிவுநீர். ஆற்றில் கலந்தால் மீனுக்கு ஒட்சிசன் இல்லை. நொதித்த கலவையில் அல்ககோல் செறிவாக இருந்தால் வடிக்க வேண்டிய நீரும் குறையும், கழிவும் குறையும். விளைச்சலைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது என் குறை.

ஹாஜியாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கரும்புப் பாகிலிருந்து" என்றேன். "அப்ப சீனியா?" என்றார். கையை உதறிக்கொண்டு உள்ளே போனார்.