குடகனாற்றுத் தண்ணீர் கடலைச் சேரும் இடம்

திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணையைத் தாண்டிய குடகனாறு, வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரியும்போது பெருவெள்ளத்தை வாங்கிக்கொள்வது கொள்ளிடம். ஆகவே பழனி மலையின் கீழ்ச்சரிவில் பெய்யும் மழை, நல்ல வெள்ள ஆண்டில் பழையாறு அருகே கடலைத் தொடும்.

அங்கே ஆறு தன்போக்கில் கடலில் விழுந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறி ஆற்றை எதிர்க்கிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர்கூட ஏறும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் சுமார் 1 மீட்டர்தான். ஆனால் டெல்டா அவ்வளவு சமதளம் என்பதால், அந்த ஏற்றமே உப்புநீரைப் பல கிலோமீட்டர் உள்ளே கொண்டுவந்துவிடும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீர் கனமானது. அதனால் ஆற்றுநீர் மேலே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் கடல்நீர் மேற்கே ஏறும். உப்பு பட்டதும் ஆற்றின் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அமிழ்கின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு வேர்விட்டிருப்பது இப்படிப் படிந்த சேற்றில்தான்.

மணலின் போக்கு வேறு. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதைக் கரையோரமாக வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். வழியில் முகத்துவாரத்தின் குறுக்கே அது திட்டாக வளரும். நம் சிறிய ஓதம் இறங்கும் வேகத்துக்கு அந்தத் திட்டு முழுதாக வழிவிடாது. ஆற்று வெள்ளம் வந்தால்தான் உடையும். 1934இல் மேட்டூர் அணை, பிறகு அமராவதி அணை என்று வந்தபின் அந்த வெள்ளம் குறைந்துவிட்டது.

“தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது” என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் கேட்கிறோம். எனக்கு அந்த ‘வீண்’ உறுத்துகிறது. மணல்திட்டை வெட்டிப் படகுக்கு வழிவிடுவதும், உப்பைக் கீழே தள்ளுவதும் அந்தத் தண்ணீர்தான். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்ப அந்த வழி திறந்திருக்க வேண்டும். கொள்ளிடத்தில் நன்னீர் குறையும் மாதங்களில் கடல்நீர் மேலேறி, கரையோர ஊர்களின் நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியது. அதைத் தடுக்கவும்தான் ஆதனூர்–குமாரமங்கலம் இடையே கதவணை கட்டப்பட்டது. கதவணைக்கு மேலே அது பயன் தரும். அதற்குக் கீழே கடல்வரையுள்ள ஆற்றுக்கு, மேலிருந்து திறந்துவிடும் தண்ணீர் இன்னமும் தேவை.