செய்நிரல் ஓட எவ்வளவு நேரம், எவ்வளவு கரண்ட்? ஓட்டாமலே சொல்லலாம், தெரியுமா?

கணினியில் ஒரு செய்நிரல் ஓடி முடிய எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்கென்றே ஓர் ஆராய்ச்சித் துறை இருக்கிறது! 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டில் கிடந்த நமக்கு இதன் அருமையைச் சொல்லித் தரவா வேண்டும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

எல்லாச் செய்நிரலுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையவே கிடையாது, தெரியுமா?
இன்றைய கணினி பிறக்கும் முன்னரே, 1936 இல், அலன் டூரிங் இதை நிறுவிவிட்டார். எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொதுவழி இல்லை! முடியுமா என்பதே தெரியாதபோது எப்போது முடியும் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் ஆபத்தான இடங்களில் ஓடும் செய்நிரல்களில் ஒவ்வொரு சுற்றும் ஆகக்கூடியது எத்தனை தடவை ஓடலாம் என்று முதலிலேயே எல்லை கட்டிவிடுகிறார்கள்.

சராசரி நேரத்தை விமானம் நம்புவதில்லை, தெரியுமா?
இரணைமடுக் குளத்தில் துருசு திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஆகப் பிந்தி எப்போது வந்து சேரும் என்பதைத்தானே கமக்காரர் கேட்பார்? விமானத்தில் ஓடும் செய்நிரலுக்கும் அதே கேள்விதான்: ஆகக்கூடியது எவ்வளவு நேரம்? ஆனால், 'இப்படியென்றால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம்' என்ற கிளைகள் வரிசையாக 30 வந்தாலே 107 கோடிக்கு மேற்பட்ட பாதைகள் உண்டாகும். எல்லாவற்றையும் யார் ஓட்டிப் பார்ப்பது? டில்லி ஐ.ஐ.ரி.யில் படித்த சரத் மாலிக்கும், ஸ்டீவன் லியும் 1995 இல் ஒரு வழி கண்டார்கள். செய்நிரலின் ஒவ்வொரு துண்டும் எத்தனை தடவை ஓடும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தால், பாதைகளில் நடக்காமலே ஆகக்கூடிய நேரம் வந்துவிடும்! ஜேர்மனியின் அப்ஸின்ற் நிறுவனத்துக் கருவியும் இவ்வகைக் கணக்கைத்தான் போடுகிறது. ஏ380 விமானத்தின் மென்பொருளுக்கு நேரம் கணித்தது அந்தக் கருவிதான்!

மென்பொருளின் மின்செலவை அம்பியர்மானியால் பிடித்தார்கள், தெரியுமா?
1994 இல் விவேக் திவாரி, மாலிக், அன்ட்ரூ வூல்ஃப் மூவரும் இன்ரெலின் 486 புரொசெசரை எடுத்தார்கள். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அம்பியர்மானியின் அளவீடு ஆடாமல் நின்றதும் மின்னோட்டத்தைக் குறித்தார்கள். அதை வோல்ற்றளவால் பெருக்கினால் அந்தக் கட்டளையின் வலு! இப்படிக் கட்டளைக்குக் கட்டளை ஒரு விலைப்பட்டியலே தயார். வேடிக்கை என்னவென்றால், விலைகளை வெறுமனே கூட்டினால் கணக்கு உதைக்கும். ஒரு கட்டளைக்குப் பின்னால் வேறொரு கட்டளை வந்தால், அந்த மாற்றத்துக்கும் தனியாகக் கொஞ்சம் கரண்ட் போகிறது!

கூட்டுவதைவிட எண்ணைத் தேடி எடுப்பதுதான் செலவு, தெரியுமா?
45 நனோமீற்றர் தொழினுட்பத்தில் இரண்டு முழு எண்களைக் கூட்ட ஏறத்தாழ 0.1 பிக்கோயூல் போதும். அதே எண்ணைப் பிரதான நினைவகத்திலிருந்து கொண்டுவர? ஏறத்தாழ 640 பிக்கோயூல். 6,400 மடங்கு!

கரண்ட் குடிக்கும் விதமே இரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும், தெரியுமா?
ஒரே கட்டளைதான், ஆனாலும் உள்ளே போகும் எண் மாறினால் மின்செலவும் இம்மியளவு மாறும். அந்த இம்மியை அளந்தே இரகசியச் சாவியைப் பிடிக்கலாம் என்று 1999 இல் போல் கோச்சர் குழு உலகை அதிரவைத்தது. நம் நாட்டிலும் இதற்கு ஆட்கள் உண்டு! அமெரிக்க தேசிய பாதுகாப்பு முகவரகம் வடிவமைத்த 'ஸ்பெக்' மறைகுறியாக்கத்தை மின்செலவை அளந்தே உடைத்துக் காட்டியது பேராதனைப் பல்கலைக்கழகக் குழு. அதில் ஒருவரான ரொஷான் ராகல், 2007 இலேயே ஜூட் அஞ்சலோ அம்ப்றோஸ், ஸ்ரீ பரமேஸ்வரன் ஆகியோருடன் சேர்ந்து எதிர்மருந்தும் கண்டிருந்தார். இடையிடையே தேவையில்லாத கட்டளைகளைக் கண்டபடி செருகி, அளப்பவரின் கண்ணைக் கட்டும் வித்தை அது!

எழுதும் மொழியிலும் மின்கட்டணம் இருக்கிறது, தெரியுமா?
2017 இல் போர்த்துக்கல் ஆய்வாளர்கள் 27 நிரல்மொழிகளை ஒரே வேலைகளில் போட்டிக்கு விட்டார்கள். ஆகக் குறைந்த சக்தியில் முடித்தது சி. பைதன் குடித்ததோ அதைப்போல ஏறத்தாழ 76 மடங்கு!

இனி நம்ம வயலுக்கு வாருங்கள்!
மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியை வயலில் நடுகிறீர்கள் என்று வையுங்கள். விழித்திருந்தால் 20 மில்லிஅம்பியர் இழுக்கும். பற்றரி 2,000 மில்லிஅம்பியர்-மணி. இருபத்துநான்கு மணிநேரமும் விழித்திருந்தால் நாலு நாளில் பற்றரி காலி. நிமிடத்துக்கு ஒரு செக்கன் மட்டும் விழித்தால், தூக்கத்தில் போகும் சொற்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 250 நாள்! செய்நிரல் கொஞ்சம் சோம்பேறியாகி இரண்டு செக்கன் எடுத்தால் 125 நாள். மூன்றரை மாத நெல்லுக்கு அதுவும் போதும். நாலு செக்கன் எடுத்தால் 62 நாள்தான், கதிர் முற்ற முன்னரே கருவி கண்ணை மூடிவிடும். மூன்று செக்கன் வித்தியாசத்தில் ஒரு போகமே கைநழுவுகிறது!

இந்தக் கணக்கைப் படிக்கக் கடல் கடக்கத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாப் பல்கலைக்கழகமும் பம்பைமடுவில் இருக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளே, ஓர் அம்பியர்மானியோடு தொடங்குங்கள்!