பாலாற்றுக்கு மடி கொடுக்கும் ஜவ்வாது மலை... மலையின் தாகத்தைத் தணிப்பது யார்?

2019 ஜூலை 12. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்துக்கொண்டிருந்த சென்னைக்கு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் குடிநீர். வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி எனப் பாலாற்றங்கரை ஊர்களைக் கடந்துதான் அது சென்னைக்குப் போனது. ஆனால், அதிலிருந்தது பாலாற்றுத் தண்ணீர் அல்ல. மேட்டூர்ப் பக்கமிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் வந்த காவிரித் தண்ணீர்! வேலூர் மக்களின் வீட்டுக் குழாய்களிலும் அதே காவிரி வருகிறது.

இரண்டே வருடங்கள் கழித்து, 2021 நவம்பரில், அதே பாலாறு இரு கரையும் புரள வெள்ளமாக ஓடியது. ஊர் ஊராக மக்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சில வாரங்களில் வெள்ளம் வடிந்தது. பெரும்பகுதி கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வருடம் ரயிலில் தண்ணீர், இன்னொரு வருடம் கரை புரளும் வெள்ளம். ஏன் இந்த முரண்?

மேற்கே மட்டும் பார்த்தால் போதாது

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் கலக்கிறது பாலாறு. மொத்தம் 348 கிலோ மீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 கிலோ மீட்டரும் தமிழ்நாட்டில்தான்.

பாலாறு வறண்டதும் எல்லோரும் மேற்கேதான் கை நீட்டுவோம். அதில் நியாயமும் இருக்கிறது. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட நதிநீர் ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. குப்பம் பகுதியில் ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது, 2006-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஆனால், வழக்கு போடாமலேயே நமக்குக் கிடைக்கும் தண்ணீர் ஒன்று இருக்கிறது. அது பாலாற்றின் தெற்கே, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் பெய்யும் மழை.

மலை பெற்ற ஆறுகள்

செய்யாறு, கமண்டல நதி, நாகநதி, மிருகண்டா நதி, அகரம் ஆறு... எல்லாம் இந்த மலையின் பிள்ளைகள். செங்கம் அருகே செய்யாற்றில் குப்பநத்தம் அணை (700 மில்லியன் கன அடி), படவேடு பக்கம் கமண்டல நதியில் செண்பகத்தோப்பு அணை (287 மில்லியன் கன அடி), மிருகண்டா அணை என மலையடிவாரத்திலேயே மூன்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன.

இந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா? செய்யாற்றின் குறுக்கே அனுமன்தண்டலத்தில் ஓர் அணைக்கட்டு உண்டு. அங்கிருந்து கால்வாய் வழியாக உத்திரமேரூர் பெரிய ஏரிக்குத் தண்ணீர் போகிறது. பல்லவர் காலத்து ஏரி அது. குடவோலை முறைக்காக நாம் கொண்டாடும் உத்திரமேரூரில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனிக்குழு இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே இன்றைக்கு நாற்று நடுகிறவரின் வயலிலும் ஜவ்வாது மலையின் மழை இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்தைத் தாண்டி திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது செய்யாறு.

மேலே என்ன நிலைமை?

இவ்வளவு கொடுக்கிற மலையில், கோடை வந்தால் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது. ஓடைகளும் ஊற்றுகளும் வற்றியதும், பல குக்கிராமங்களில் பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள். மழைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் குளிக்கும் ஜமுனாமரத்தூர் பீமன் அருவியும் கோடையில் வெறும் பாறைதான்.

காரணம், மலையின் அமைப்பு. கீழே இருப்பது கடினப் பாறை. மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். மரமும் புல்லும் சருகும் இருந்தால் மழை மெதுவாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியும். அவை போய்விட்டால், மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே வந்துவிடும். சந்தனத்துக்குப் பேர்போன இந்த மலை, மரக்கடத்தலாலும் கோடைக் காட்டுத்தீயாலும் இழந்தது நிழலை மட்டுமல்ல, நீரையும்தான்.

மலையாளி பழங்குடி மக்கள் இதை அறிந்தவர்கள். மானாவாரியில் விளையும் சாமையைத்தான் சரிவுகளில் காலங்காலமாக விதைக்கிறார்கள். பாசனமே கேட்காத பயிர் அது.

பெண்கள் காட்டிய வழி

நாகநதியில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், 100 நாள் வேலைத் திட்டத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் களத்தில் இறங்கினார்கள். கால்வாய்களைச் சீராக்கினார்கள், தடுப்பணைகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்தார்கள். ஓடிவரும் தண்ணீரைத் தடுப்பணை நிதானப்படுத்தும். கிணறு அதைப் பூமிக்குள் இறக்கிவிடும். வறண்டு கிடந்த நாகநதிக்கு உயிர் கொடுத்த இந்தப் பெண்களை, 2021 செப்டம்பர் 26 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் மோடி பாராட்டினார்.

பெரிய அணைகளுக்கு ஆகும் செலவு இதற்குத் தேவையில்லை. ஆனால், ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தடுப்பணையில் சேரும் வண்டலை அள்ள வேண்டும். கிணற்றில் அடைக்கும் சேற்றை எடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஏரி வாரியம் செய்ததும் இதுபோன்ற பராமரிப்பைத்தான்.

கீழேயும் வேலை இருக்கிறது. பாலாற்றின் மணல்தான் அதன் நீர்த்தொட்டி. மணலை அள்ளினால் தொட்டி காலி. தோல் கழிவு கலந்தால் தொட்டி நஞ்சு. வேலூர்ப் பகுதி தோல் தொழிற்சாலை மாசு குறித்து 1996-லும், மறுபடி 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

அண்டை மாநிலங்களிடம் உரிமையைக் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அந்தத் தீர்ப்பு வரும்வரை, வருடா வருடம் ஜவ்வாது மலையில் பெய்கிற மழை காத்திருக்காது. மலையில் ஓர் ஊற்று கோடையிலும் கசிந்தால், முதலில் நிறைவது அங்கிருக்கும் பெண்ணின் குடம். பிறகு செய்யாறு. அதன் பிறகுதான் பாலாறு. அந்த வரிசையில் வேலையைத் தொடங்கினால், இன்னொரு தண்ணீர் ரயிலுக்கு அவசியம் வராமல் போகலாம்.