நலமான கைகள் தந்த அளவுகோல்

இரவில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்றிருக்கின்றன. கையை உதறினால் சற்றுத் தேவலை. மணிக்கட்டில் உள்ள குறுகிய வழியில் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அது அங்கே நசுங்குவதைத்தான் கார்ப்பல் டனல் நோய் என்கிறார்கள்.

இதை உறுதிசெய்ய உதவுவது நரம்புக் கடத்தல் சோதனை. தோலின் மேல் சிறு மின்துடிப்பு கொடுத்து, கட்டைவிரலின் அடிச்சதை எத்தனை மில்லிவிநாடியில் துடிக்கிறது என்று கருவி பதிவுசெய்யும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தனித்தனியே தூண்டுவார்கள். இடைவெளி 22 செ.மீ., நேர வித்தியாசம் 4 மில்லிவிநாடி என்றால், வேகம் விநாடிக்கு 55 மீட்டர். ஜெர்மனியின் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளை நரம்பில் அளந்த வேகம் இதில் ஏறத்தாழப் பாதி.

சரி, 55 நல்ல எண்ணா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரை நோயோ மரமரப்போ இல்லாத பலரின் கைகளை ஒரே முறையில் அளந்து, அவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் வரம்பைக் கண்டால்தான் 'இயல்பு' என்ற சொல்லுக்குப் பொருள் வரும். பெரியவர்களின் முன்கையில் பொதுவாக விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருந்தால் இயல்பு.

அளக்கும் முறை பிசகினால் அளவுகோலே பொய்யாகிவிடும். கை ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும்; குளிர்ந்த கை நோயுற்ற கைபோலத் தோன்றும். அதனால் தோலை 32 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கிக்கொண்டே தொடங்குவார்கள். வயதையும் பார்க்க வேண்டும்: பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களுடையதில் பாதிதான், முதுமையில் மெல்லக் குறையும். 95 சதவீதம் என்று கோடு போட்டதால், நலமான சிலரும் அதற்கு வெளியே நிற்பார்கள். ஆகவே ஒற்றை எண்ணைக்கொண்டு நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

இங்கே மோதிரவிரல் கைகொடுக்கிறது. பெரும்பாலோருக்கு அதன் ஒரு பக்க உணர்ச்சி மீடியன் நரம்பிலும், மறுபக்கம் அல்னார் நரம்பிலும் செல்கிறது. அல்னார் அந்தக் குறுகிய வழிக்குள் நுழைவதில்லை. சம தூரத்தில் இரண்டையும் அளந்து, மீடியன் சுமார் அரை மில்லிவிநாடி பிந்தினால் சந்தேகம் வலுக்கிறது. ஒரே கை, ஒரே வயது, ஒரே சூடு; நோயாளியின் விரலே அவருக்கு அளவுகோல். ஆனால் அந்த அரை மில்லிவிநாடி எல்லையும், வலியே இல்லாமல் வந்து கையை நீட்டிய நலமானவர்களிடமிருந்து கிடைத்ததுதான்.