காக்கிக் கால்சட்டையின் கதை

காக்கி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் போலீஸ்காரரும் பஸ் டிரைவரும்தான். நான் குடியிருக்கும் விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோ ஓட்டுநர்களின் காக்கிச் சட்டைகளைப் பார்க்கலாம். அதே நிறத்தில் பருத்தித் துணியில் தைத்த கால்சட்டை, வெளிநாட்டுக் கடைகளில் 'சினோ' என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கிறது. அதன் பூர்வீகம் அன்றைய இந்தியா என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

பாரசீகத்திலும் உருதுவிலும் 'காக்' என்றால் மண், புழுதி. 1846ல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி 'கைட்ஸ்' என்னும் படையைத் திரட்டினார். இறுக்கமான சிவப்புக் கோட்டு அந்த வெயிலுக்கு உதவாது என்று, தளர்வான பருத்தி உடைக்கு மண் நிறம் ஏற்றி அணிவித்தார். உடம்புக்கும் இதம், எதிரியின் கண்ணிலும் எளிதில் படாது. 1857 கிளர்ச்சியின்போது வேறு பல படைகளும் தங்கள் வெள்ளை உடுப்பைக் கிடைத்த சாயத்தில் முக்கி எடுத்தன.

ஆனால் துவைக்கத் துவைக்கச் சாயம் போயிற்று. 1884ல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் காட்டி என்பவர் வெளுக்காத காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் காக்கி கடல் கடந்து பரவியது. 1898ல் ஸ்பெயினுடன் போரிட்ட அமெரிக்கப் படையினர் பிலிப்பைன்ஸில் அதை அணிந்தார்கள். சீனத்திலிருந்து வந்த துணி என்பதால், சீனரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'சினோ' பெயராக ஒட்டிக்கொண்டது என்பர். 1945ல் உலகப் போர் முடிந்ததும், ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அதே கால்சட்டையோடு கல்லூரிக்குப் போனார்கள். பட்டாளத்து உடுப்பு படித்தவர் உடுப்பானது அப்படித்தான்.

இத்தனை காலம் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. டிரில் துணியில் நெசவு சாய்வுக் கோடுகளாக ஓடும், எளிதில் கிழியாது. துவைக்கத் துவைக்க மிருதுவாகும். அழுக்கும் சட்டென்று தெரியாது. எந்த நிறச் சட்டைக்கும் பொருந்தும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2015ல் காக்கியை விட்டு நீலத்துக்கு மாறியது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் மீண்டும் காக்கிக்கே திரும்ப முடிவு செய்தது.

என் மாமா ஒருவர் நாகர்கோவிலில் பஸ் கண்டக்டராக இருந்தார். டியூட்டி முடிந்து நேராகக் கல்யாண வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் வேட்டிக்கு மாறிய பிறகுதான் பந்தியில் உட்காருவார். காக்கியோடு உட்கார அவருக்குக் கூச்சம். இன்று துபாயிலிருந்து வரும் அவர் பேரன், கல்யாணத்துக்கென்றே அந்த நிறத்தில் சினோ வாங்கி வருகிறான்.

"என்ன தாத்தா, நல்லாயிருக்கா?" என்று கேட்டானாம்.

"முப்பது வருஷம் போட்டவன்டா நான். எனக்குத் தெரியாதா?" என்றாராம் மாமா.

நம் சங்கக் குடும்பங்களில் சினோ இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் அடுத்த முறை அதை இஸ்திரி போடும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்து ஆட்டோவில் ஏறும்போது, ஓட்டுநரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசவும் சொல்லிக்கொடுங்கள்.