பயணிகள் ஏறாத ரயில் நிலையம்: புக்கிட் தீமா

சின்ன வயசில் ஐயம்பேட்டையிலிருந்து வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு ரயில் பார்க்கப் போவோம். மீட்டர் கேஜ் காலம். ரயில் வரும்போது பிளாட்பாரத்தில் ஒருத்தர் பெரிய வளையத்தைத் தூக்கிப் பிடிச்சு நிற்பார். டிரைவர் கையிலிருக்கும் வளையத்தைப் போட்டுட்டு இதை வாங்கிக்குவார். "வாங்காம போனா என்னப்பா ஆகும்?" என்று கேட்டேன். "எதிர்ல வர்ற ரயில்ல மோதிக்கும்" என்றார் அப்பா. அது எப்படி என்று அப்போது புரியவில்லை.

பல வருஷம் கழித்து வேலைக்காக சிங்கப்பூர் போனபோது, புக்கிட் தீமா என்ற மூடப்பட்ட ஸ்டேஷனைப் பார்த்தேன். அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அந்த வளையத்தின் கதை முழுசாகப் புரிந்தது.

சிங்கப்பூருக்கு ரயில் பாதை வந்தது 1903-ல். 1932-ல் பாதையை மாற்றிப் போட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய முனையம் கட்டினார்கள். புறநகர்ப் பகுதியான புக்கிட் தீமாவில் சிவப்புச் செங்கல்லில் இந்தச் சின்ன ஸ்டேஷனும் அப்போது வந்ததுதான். பக்கத்தில் குதிரைப் பந்தய மைதானம் இருந்ததால் குதிரைகளும் ரயிலில் வந்து இறங்கின. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களில் தமிழர்கள் நிறைய பேர். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள்.

காலப்போக்கில் இங்கே பயணிகள் ஏறி இறங்குவது நின்றுபோச்சு. ஆனாலும் ஸ்டேஷனை மூட முடியவில்லை. காரணம், அது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிப் போக இங்கேதான் இரண்டாவது தடம் இருந்தது.

பாதுகாப்பு ஏற்பாடு ரொம்ப எளிமையானது. பாதையின் ஒரு பகுதிக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு முனையில் ஒரு சாவியை, அதாவது டோக்கனை, எடுத்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தச் சாவி ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பி வரும்வரை அடுத்த சாவி வெளியே வராது. சாவி கையில் இல்லாத டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ஓடும் ரயிலில் கைமாற்ற வசதியாகத்தான் அதை வளையத்தில் கோத்துக் கொடுப்பார்கள்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் மாற்றிவிடாமல் நாம் போடும் 'லாக்' இதுதான். 1960-களில் டைக்ஸ்ட்ரா இதற்கான தன் உத்திக்கு 'செமஃபோர்' என்று பேர் வைத்தார். அது ரயில்வே கைகாட்டியின் பேர்!

அப்படிப்பட்ட ஸ்டேஷன் ஏன் மூடப்பட்டது? நிலத்தால். சிங்கப்பூருக்குள் ஓடிய இந்தப் பாதையும் நிலமும் மலேசிய ரயில்வேயிடம் இருந்தன. 1990-ல் ஒரு ஒப்பந்தம் போட்டும் இழுபறி தீரவில்லை. 2010-ல்தான் நிலத்தை மாற்றிக்கொள்ள இரு நாடுகளும் சம்மதித்தன. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். புக்கிட் தீமாவில் கடைசிவரை சாவி டோக்கன்தான் புழக்கத்தில் இருந்தது.

பிறகு பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 24 கிலோமீட்டர் வழி, மக்கள் நடக்கும் பசுமைப் பாதையானது. புக்கிட் தீமா கட்டிடத்தைப் பாதுகாத்து, 2022-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

ஒரு ஸ்டேஷனின் மதிப்பை டிக்கெட் விற்பனையை வைத்துத்தான் கணக்கு போடுகிறோம். இங்கே ஒரு டிக்கெட்கூட விற்காத காலத்திலும், கடந்துபோன ஒவ்வொரு ரயிலின் உயிரும் இந்த ஸ்டேஷன்காரர் கையிலிருந்த ஒரு சாவியில்தான் இருந்தது. வாலாஜாபாத்தில் வளையம் நீட்டிய மனுஷர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் கையில் என்ன இருந்தது என்று இப்போது தெரியும்.